சிங்கப்பூர்ப் பெட்டியில் பம்பாய் ராகம்

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள்: சிகாகோக்காரர்கள் 1987ல் வெளியிட்டுப் பெயர் வாங்கிய ஓசையை இவர் 1982லேயே பம்பாயில் வாசித்துவிட்டார் என்று. அது உண்மைதான். ஆனால் அந்தத் தட்டு கிளம்பிய இடத்தையும் போய்ச் சேர்ந்த இடங்களையும் வரிசையாகப் பார்க்கும்போது ‘முதலில் யார்’ என்ற கேள்வி எனக்குச் சின்னதாகப் படுகிறது. தட்டு பிறந்தபோது அதைக் கேட்கும் காது இல்லை. அந்தக் காது வேறு வேறு ஊர்களில், அதே மாதிரிப் பெட்டிகளைக் கொண்டே, மெல்ல உருவாயிற்று. அதற்குக் கிட்டத்தட்ட இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

தட்டின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. டிஸ்கோ தாளத்தில் பத்து இந்துஸ்தானி ராகங்கள். பாட்டு இல்லை, தபலா இல்லை, சிதார் இல்லை. ஒரு மனிதர், மூன்று மின்னணுப் பெட்டிகள். எச்.எம்.வி. வெளியீடு. பதிவுக்கு ஆனது இரண்டு நாள்.

பெட்டிகளின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. இகுதாரோ ககேஹாஷி 1972ல் ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம், எண்பதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து மூன்று கருவிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது: டிஆர்-808 என்ற டிரம் மெஷின், ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், டிபி-303 என்ற பேஸ் மெஷின். ரோலண்ட் என்ற பெயர் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவோ, தளிப் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் பண்டிகையோ, மெல்லிசைக் குழுவில் ‘பேடு’ வாசிக்கிறவர் முன்னால் நிற்கும் ஆக்டோபேட், முதலில் அந்த நிறுவனம் கொண்டுவந்த கருவிதான்.

மூன்றில் 303தான் விசித்திரப் பிறவி. தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. தனியாக கிட்டார் வாசிக்கிறவருக்குப் பின்னால் பேஸ் கிட்டார்க்காரர் ஒருவர் இருப்பதுபோல் ஒலிக்க வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவில்லை. பேஸ் கிட்டார் போல அது ஒலிக்கவே இல்லை. இயக்குவதும் தலைவலி. சுமார் பத்தாயிரம் பெட்டிகள் செய்துவிட்டு 1984ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தலைவலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளி நிறப் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. கீழே ஒரு ஸ்தாயிக்கான பதின்மூன்று பொத்தான்கள், பியானோக் கட்டைகளின் வரிசையில். மேலே திருகுகள். வேண்டிய சுரங்களை முதலில் ஒவ்வொன்றாக அழுத்திப் பதிய வேண்டும். அப்போது காலக் கணக்கு எதுவும் கிடையாது. பிறகு இன்னொரு நிலைக்கு மாறி, பதினாறு இடங்களில் எங்கே சுரம் விழும், எங்கே நீளும், எங்கே மௌனம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். கடைசியாக எந்தச் சுரத்துக்கு அழுத்தம், எந்தச் சுரம் அடுத்ததுக்கு வழுக்கிப் போக வேண்டும் என்று குறிக்க வேண்டும். விரல் போன போக்கில் வாசித்துப் பழகிய கிட்டார்க்காரருக்கு இது கசந்ததில் வியப்பில்லை. சுரக்கோவையை ஏட்டில் எழுதிக்கொண்டு, தாளத்தை அதன்மேல் வைத்துப் பழகியவருக்கு இது அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அந்த வழுக்கல் பொத்தான் இருக்கிறதே, அதை நம் வித்வான்களிடம் காட்டினால் ஜாரு என்பார்கள், வடக்கே மீண்ட். பேஸ் கிட்டாரைப் போலி செய்யத் தெரியாத பெட்டிக்கு, ராகத்துக்கு வேண்டிய ஒரு குணம் தற்செயலாக வாய்த்திருந்தது.

அந்தக் குணத்தைக் கண்டுகொண்டவர் மேடை வித்வான் அல்ல, பம்பாய் ஸ்டூடியோக்களில் வாசித்த தொழில்முறை வாத்தியக்காரர். எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன், லட்சுமிகாந்த்-பியாரேலால் என்று இந்தித் திரையிசையின் பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் சரண்ஜித் சிங்குக்கு வேலை இருந்தது. பேஸ் கிட்டார், கீபோர்டு வகைகள், பிறகு சிந்தசைசர். சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா வைத்துக் கல்யாணங்களில் வாசித்தார். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்த தட்டுகளும் வெளியிட்டிருந்தார். காலையில் ஸ்டூடியோவுக்குப் போய், நோட்டைப் பார்த்து, ஒத்திகை முடித்து, அன்றைக்கே பதிவையும் முடித்துவிட்டு வீடு திரும்பும் வாழ்க்கை அது. பத்து ராகத்தையும் இரண்டு நாளில் முடித்ததன் ரகசியம் அங்கே இருக்கிறது.

பெட்டிகளை அவர் சிங்கப்பூரில் வாங்கினார். ‘சிங்கப்பூர் சாமான்’ என்ற சொல்லுக்கு எண்பதுகளில் எவ்வளவு எடை இருந்தது என்று அந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதி வரியும் சுங்கக் கெடுபிடியும் இறுகியிருந்த நாட்டில், வெளிநாட்டு மின்னணுக் கருவி என்பது போய்வந்தவர் கையோடு கொண்டுவந்தால்தான் உண்டு.

நாடு முழுக்க அப்போது டிஸ்கோ பித்து. 1980ல் ‘குர்பானி’ படத்தில் நாஜியா ஹசன் பாடிய பாட்டுக்கு இசையமைத்தவர் பிட்டு. எங்கள் பக்கத்து ஊரான பெங்களூருவில் பிறந்து, லண்டன் போய், கார்ல் டக்ளஸின் ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பாட்டை உலகம் முழுக்க ஓடவிட்டவர். 1982ல் பப்பி லஹிரியின் இசையில் ‘டிஸ்கோ டான்ஸர்’ வந்தது. சினிமாவில் இத்தனை டிஸ்கோ இருக்கிறது, அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தபலாவை ஓரம் வைத்துவிட்டு, ராகத்தை வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பின்னாளில் சரண்ஜித் சிங் சொன்னார். அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான். புரட்சி செய்யக் கிளம்பியவரின் பேச்சு அதில் இல்லை. வேலை தெரிந்த மனிதருக்கு ஒரு யோசனை வந்தது, செய்தும் பார்த்தார்.

செய்வது லேசாக இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் ‘மிடி’ என்ற பொது ஏற்பாடு 1983ல்தான் வந்தது. அதற்கு முன்னால் 808ம் 303ம் ஐந்து முள் கொண்ட ஒரு கேபிளால் பிணைக்கப்பட்டு ஒரே காலத்தில் ஓடும். ஜூபிடரின் சுரச் சுழற்சியை ஓட்ட, 808 தரும் துடிப்பை அதற்குள் செலுத்த வேண்டும். இந்த இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, ராகத்தின் சஞ்சாரம் மேலே மனிதக் கையால் வாசிக்கப்படும். 808ன் முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். இந்துஸ்தானியின் தீன்தாளுக்குப் பதினாறு மாத்திரை. இதை அவர் நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது கணக்கு எங்கேயும் இடறுவதே இல்லை.

முதல் பக்கத்தில் பைரவ், லலித், பூபாளி, தோடி, மதுவந்தி. இரண்டாம் பக்கத்தில் மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கவுன்ஸ், பைராகி. கர்நாடக சங்கீதக் காதுக்கு இவற்றில் பெரும்பாலானவை சொந்தக்காரர்கள். பூபாளி நம்முடைய மோகனம். யமன், கல்யாணி. மால்கவுன்ஸ், இந்தோளம். கலாவதி, வலஜி. பைராகி, ரேவதி. மேக் மல்ஹாரில் மத்யமாவதியின் சாயல். மதுவந்தியில் தர்மவதி கேட்கும். அவர்களுடைய தோடி நம் தோடி அல்ல, சுபபந்துவராளி. ஐரோப்பாவில் இந்தத் தட்டைக் கொண்டாடியவர்கள் பலருக்குப் பத்தும் ஒரே மாதிரி இயந்திர ஓட்டமாகத்தான் கேட்டிருக்கும். நமக்கு ஒவ்வொன்றும் வேறு முகம்.

தட்டு பெரிதாக விற்கவில்லை. ராகம் கேட்கிறவர்களுக்கு டிஸ்கோ ஆகாது. டிஸ்கோ ஆடுகிறவர்களுக்குப் பாட்டில்லாத ராகம் எதற்கு? போதாக்குறைக்கு அதே ஆண்டுகளில்தான் கேசட் அலை எழுந்து இசைத்தட்டுகளையே சந்தையின் ஓரத்துக்குத் தள்ளியது. சரண்ஜித் சிங் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

303ன் உடன்பிறப்புகள் வேறு வழியில் போயின. அமெரிக்காவில் விலைபோகாத பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் சிலர் அப்படி ஒன்றை மலிவு விலையில் வாங்கினார்கள். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே. குழுவின் பெயர் ஃபியூச்சர். கையேடு சொன்னபடி வாசிப்பதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சுரக்கோவையின்மேல் திருகுகளைத் திருகத் தொடங்கினார்கள். ஒலி பிழிந்தது, கீச்சிட்டது, குமிழியிட்டது. 1987ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவந்தது. பன்னிரண்டு நிமிடம் போல நீளும் ஒற்றைச் சுழற்சி. அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகையே கிளைத்தது.

டெட்ராய்டில் இன்னொரு கிளை. அது மோட்டார் நகரம். ஹுவான் அட்கின்ஸும் அவருடைய நண்பர்களும் டெக்னோவை உருவாக்கியது அங்கே. ஓசூரை அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பை விளக்க வேண்டாம். சரண்ஜித் சிங் பம்பாயில் பெட்டிகளைப் பிணைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான், அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 சாலைக்கு வந்தது, அசோக் லேலண்ட் ஆலை ஓடத் தொடங்கியது. ராகியும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்துக்குள் ஷிப்ட் சங்கு நுழைந்தது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யும் கைக்கு, அந்தத் திரும்பத்திரும்ப வருதலுக்குள்ளேயே நுணுக்கம் தெரிய ஆரம்பிக்கும். பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறவர் சத்தத்தை வைத்தே டை தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். டெக்னோ கேட்பதற்கும் அந்தக் காதுதான் வேண்டும்.

மூன்றாவது கிளை ஜமைக்காவில். கிங்ஸ்டனில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஆஸ்போர்ன் ரட்டக், கிங் டப்பி என்ற பெயரில், பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, டிரம்மையும் பேஸையும் மட்டும் வைத்து, எஞ்சியதை எதிரொலியில் கரைத்தார். அதுதான் டப். லீ பெர்ரி அந்தக் கலையை இன்னும் தூரம் கொண்டுபோனார். அவர் கையாண்ட நாடா எதிரொலிப் பெட்டியான ஸ்பேஸ் எக்கோவும் ரோலண்ட் செய்ததே.

இந்தக் கிளைகள் பெர்லினில் சந்தித்தன. சுவர் விழுந்த 1989ல் மார்க் எர்னஸ்டஸ் அங்கே ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். அவரும் மோரிட்ஸ் வான் ஆஸ்வால்டும் சேர்ந்து 1993 முதல் பேசிக் சேனல் என்ற பெயரில் தட்டுகள் வெளியிட்டார்கள். டெட்ராய்டின் தாளம், கிங்ஸ்டனின் எதிரொலி. டப் டெக்னோ என்று பின்னால் பெயர் பெற்ற இசை அங்கேதான் உருக்கொண்டது. ஒரே ஒரு சுரக்கூட்டு வரும், எதிரொலியில் மங்கும், மறுபடி வரும்போது அதன் நிறம் இம்மி மாறியிருக்கும். பத்து நிமிடத்துக்கு வேறு எதுவும் ‘நடக்காது’. ராகத்தை விஸ்தாரமாகக் கேட்டுப் பழகியவர்கள் இதில் உடனே உட்கார்ந்துவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன். ஆலாபனையில் காந்தாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது நாம் அடுத்த செய்திக்காகவா காத்திருக்கிறோம்? எனக்கு டப் டெக்னோ பிடித்துப்போனது இந்த வழியாகத்தான். பனி இறங்கும் தளி இரவில், மூவாயிரம் அடி உயரத்துக் குளிரில், அதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் ஒரு தலைமுறை இப்படிக் காதைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, எடோ போவ்மன் என்ற டச்சுக்காரர் பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடி இந்தியாவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். 2002ல் டெல்லிக் கடை ஒன்றில் இந்தத் தட்டு அவர் கையில் கிடைத்தது. கையோடு கொண்டுவந்திருந்த சின்ன பிளேயரில் ஓட்டிப் பார்த்து உறைந்துபோனார். கேட்டது ஆசிட் ஹவுஸ். தட்டில் இருந்த ஆண்டோ அதற்கு ஐந்து வருடம் முந்தியது. பிறகு மும்பையில் சரண்ஜித் சிங்கையே தேடிக் கண்டுபிடித்தார். 2010ல் தன் பாம்பே கனெக்‌ஷன் நிறுவனத்தின் வழியாகத் தட்டை மறுபடி வெளியிட்டார்.

இந்த முறை பற்றிக்கொண்டது. கூடவே ஒரு சந்தேகமும் பரவியது: இது உண்மையாகவே 1982ல் பதிவானதா? ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இயங்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் போன்ற யாராவது விளையாட்டுக்குச் செய்துவிட்டு, இல்லாத இந்தியர் ஒருவரின் பெயரை ஒட்டிவிட்டார்களோ? மும்பையில் வீட்டில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுக்காரரின் உழைப்பை ஐரோப்பியரின் குறும்பாக நம்புவது சிலருக்கு எளிதாக இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. சந்தேகம் தீர்ந்தபின் வந்த புகழிலும் ஒரு குறை உண்டு. ‘ஆசிட் ஹவுஸின் தாத்தா’ என்றார்கள். அவர் அந்த வம்சத்தைச் சேர்ந்தவரே அல்ல. சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டதில்லை. இவருக்கும் சிகாகோவைத் தெரியாது. ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு தேவைகளுக்கு விடை சொல்லியிருக்கிறது. அவர்கள் திருகைத் திருப்பிப் புதிய சத்தத்தைத் தேடினார்கள். இவர் ஏற்கெனவே தெரிந்த ராகத்தைப் புதிய பெட்டிக்குள் தேடினார். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘யார் முந்தி’ என்று கேட்டால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் தளி. வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று அழைத்த இந்த ஊரில் இன்றைக்குப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கோயில் சேவகத்துக்கு வரும் நாகஸ்வரக்காரர் ஒருவரை எனக்குப் பழக்கம். ஒருநாள் சேவகம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், விவரம் எதுவும் சொல்லாமல் செல்பேசியில் மால்கவுன்ஸை ஓடவிட்டேன். பேஸ் நாலு சுற்று வருவதற்குள் கையைத் தூக்கினார்.

“இந்தோளம். யாரு தம்பி வாசிக்கிறது?”

“பம்பாய்க்காரர்ண்ணே. எல்லாம் மெஷின்தான்.”

“மெஷினுக்கு இந்தோளம் தெரியுமா? வாசிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பைராகியை ரேவதி என்று உடனே சொல்லிவிட்டார். பைரவ் வந்தபோது முகம் சுளித்தார். “மாயாமாளவகௌளை. ஆனா ரிஷபம் அசையவே மாட்டேங்குதே. ரி ஆடாம நிக்கலாமா?” என்றார். அவர் சொன்னது சரி. பைரவின் உயிரே கோமள ரிஷபத்திலும் தைவதத்திலும் வரும் மெதுவான ஆந்தோளனம். சமமாகப் பகுத்த கட்டைகளும் பதினாறு படிகளும் கொண்ட இயந்திரம் அந்த ஆட்டத்தை முழுதாகப் பிடிப்பதில்லை. வழுக்கல்களும் வளைவுகளும் மேலே வாசிக்கும் ஜூபிடரில் நிறைய உண்டு. அடியில் ஓடும் 303ல் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கல் உண்டு, ஆனால் நின்ற சுரம் விறைப்பாகவே நிற்கிறது. தட்டின் உண்மையான குறை இது. புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

லலித்துக்கு அவர் எதுவும் பேசவில்லை. தொடையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. “பஞ்சமம் எங்க?” என்றார் கடைசியில். லலித்தில் பஞ்சமம் கிடையாது. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும். நம் வழக்கில் அதற்கு நேரான ராகம் கைக்கு எட்டுவதில்லை. “இன்னொரு தடவை போடு” என்றார். தாளம் துளியும் மாறாமல் ஓடியது அவருக்கு எரிச்சலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். “ஒத்து மாதிரி எடுத்துக்கிட்டா சரியாப் போச்சு” என்றார். எண்பதுகளில் அந்தத் தட்டை வாங்காமல் போனவர்களுக்கு இப்படிச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அதன் கதை மாறியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவெளியீட்டுக்குப் பிறகு சரண்ஜித் சிங், எழுபது வயதைக் கடந்தவர், ஐரோப்பிய மேடைகளில் ஏறி, தன் பேரப்பிள்ளை வயதுக் கூட்டத்துக்கு முன்னால் இந்த ராகங்களை வாசித்தார். அவர்கள் ஆடினார்கள். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். தட்டு இப்போது யார் செல்பேசிக்கும் வந்து சேர்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மத்யமாவதிச் சாயல், கல்யாணி, வலஜி, இந்தோளம், ரேவதி என்று ஐந்தும் காது அறிந்த முகங்கள். இயந்திரத்தின் ஓட்டம் மட்டும்தான் புதிதாக இருக்கும், அது சீக்கிரம் பழகிவிடும். செல்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. ஹெட்போன் வேண்டும், இல்லையென்றால் நல்ல பெட்டி. பிறகு முதல் பக்கத்துக்கு வந்து மோகனமும் சுபபந்துவராளியும் தர்மவதியும். பைரவையும் லலித்தையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.